வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு பாடம் இருக்கிறது

1

வேன் பக்கத்தில் நின்றவர்கள்: என் அக்கா அஞ்சலை, தா.பழூரிலிருந்து வந்தவர். அவர் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மாமா. அண்ணனோடு சுரங்கத்தில் வேலை பார்த்த சுப்பிரமணி, பூலாம்பாடிக்காரர். எங்கள் பங்காளி முத்துசாமி. வேன் டிரைவர். என் மகள் கனி. நான். வேனுக்குள் கண்ணாடிப் பெட்டியில் என் அண்ணன் தங்கவேல்.

இடம், ஒரு மருத்துவக் கல்லூரி வாசல். எந்தக் கல்லூரி என்று எழுதப் போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்குள்ளும் இல்லை. தூரம் போனோம். செத்த பிறகு தன் உடம்பை அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் படிக்க எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒப்படைக்கப் போனோம்.

வாங்கவில்லை.

ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றவன். போன வாரம் இங்கே ஒரு அம்மா சொன்ன விஷயத்தைக் கேட்டதிலிருந்து சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும்.

2

நான் இருப்பது நியூசிலாந்தில், தெற்கே ஒரு குளிர் ஊரில். சாப்பாட்டுக் கடையில் தோசை மாஸ்டர். இந்தக் குளிரில் மாவு பொங்காது. ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் போர்வை சுற்றி வைப்பேன். பதினைந்து வருஷமாக என் காலைப் பொழுது மாவோடுதான்.

கடைக்கு வாரம் தவறாமல் ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். எண்பது வயது இருக்கும். மசால் தோசையைக் கத்தியால் துண்டு போட்டுச் சாப்பிடுவார். கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். போன வாரம் வந்தார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்றார். என் இங்கிலீஷ் அடுப்படி இங்கிலீஷ். எங்கே அடக்கம் என்று கேட்டேன். அடக்கம் இல்லை, அவர் தன்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை. எழுதிக் கொடுத்த அன்றே பல்கலைக்கழகத்து ஆள் உட்கார்ந்து சொல்லிவிட்டாராம். இன்ன நோய் இருந்தால் எடுக்க முடியாது, நேரம் கடந்தால் எடுக்க முடியாது, இடம் இல்லாவிட்டாலும் எடுக்க முடியாது, அதனால் அடக்கம் செய்கிறவரிடமும் இப்போதே பேசி வையுங்கள் என்று. இறந்த அன்று போன் செய்தார்களாம். ஒரு பெண் பேசினாளாம். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ஏன் என்பதையும் சொல்லி, இந்த அம்மா அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இருந்தாளாம்.

இங்கேயும் வேண்டாம் என்று சொல்கிறார்கள். கனி அப்போதே சொன்னாள். எனக்கு ஏறவில்லை. கட்டினவள் வாயால் கேட்டபோதுதான் ஏறியது. வாங்கவில்லையே என்று ஒரு வருஷம் கோபப்பட்டேன். என் கோபம் அதற்கு இல்லை.

3

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரியலூர்ப் பக்கம் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் வேலை. அண்ணி சீக்கிரமே போய்விட்டார். பிள்ளை இல்லை. வேலை முடிந்த பிறகு வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் சின்ன வெங்காயம் போட்டார்.

அந்தச் சுரங்கங்களில் தோண்டினால் சங்கும் நத்தையும் கல்லாகக் கிடைக்கும். ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள். கூட வரும் வாத்தியார் ஒரு கல் நத்தையைப் பஞ்சில் சுற்றி, எந்த இடம், எந்த ஆழம் என்று எழுதி, கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போவாராம். அதைப் பார்த்துவிட்டு அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"செத்து எந்தக் காலமோ ஆனது. அதுவே படிக்கிறவனுக்கு ஆவுதுடா. என்னைய நெருப்புல போட்டா எவனுக்கு ஆவும்?"

பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் உடல் கொடுப்பவர்களுக்கு அந்த மருத்துவக் கல்லூரி முகாம் நடத்தியது. அண்ணனும் சுப்பிரமணியும் சுரங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் பொன்னாடை. போட்டோ. ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையில் படம், பெயர், ஒரு போன் நம்பர். அவ்வளவுதான். மேடையில் மனிதகுலம், அழியாப் புகழ் என்று பேசினார்களாம். செத்தால் எத்தனை நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒருத்தரும் பேசவில்லை. முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்ட சுப்பிரமணி சொல்கிறார்.

அண்ணன் மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம். அறுத்துப் படித்த பிறகு மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று. மைக் பிடித்தவர் சிரித்திருக்கிறார். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அப்போது நீங்கள் இருந்தா கேட்கப் போகிறீர்கள் என்றிருக்கிறார். மண்டபமே சிரித்ததாம். அண்ணனும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி கேட்டவனைச் சிரிக்க வைத்து உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பொன்னாடை வேறு.

4

கனி இங்கே வந்தபோது ஆறு வயது. தமிழ் நன்றாகப் புரியும். பேச்சு பாதியில் நிற்கும். பள்ளிக்கூடம் முடித்து உடற்கூற்றியல் எடுத்தாள். டாக்டரா என்று கேட்டேன். இல்லை, உடம்பைப் படிப்பது என்றாள். படித்து என்ன ஆவாய் என்றேன். சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஊரில் கேட்டவர்களிடம் டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு என்று சொல்லி வைத்தேன்.

முதல் வருஷம் வீட்டில் வாயே திறக்கவில்லை. சின்னதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒன்றுவிடாமல் சொல்கிற பிள்ளை. இன்றைக்கு என்ன பார்த்தாய் என்றால், சொல்லக்கூடாதுப்பா என்பாள். கதவைச் சாத்திக்கொள்வாள். நமக்குப் புரியாது என்று ஒதுக்குகிறாள் என்று நினைத்தேன். மகள் கைவிட்டுப் போகிறாள் என்று அவள் அம்மாவிடமும் சொன்னேன்.

அது அங்கே விதியாம். மேசையில் படுத்திருப்பவர்களைப் பற்றி வெளியே பேசக்கூடாது. உள்ளே போன் கிடையாது. முதல் நாள் இந்த நாட்டுப் பூர்வகுடிப் பெரியவர் ஒருத்தர் வந்து, அவர்கள் மொழியில் வேண்டிக்கொண்ட பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். ஒரு பையன் விளையாட்டாகப் பட்டப்பெயர் வைத்தானாம். வெளியே அனுப்பிவிட்டார்கள். கனி 'பாடி' என்றே சொல்ல மாட்டாள். அவங்க என்பாள்.

ஒரே ஒரு நாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு அவங்க கைய படிச்சோம்பா. உங்க கை மாதிரி காய்ச்சுப் போயிருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். என் கையைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கை யாருடையதோ.

இரண்டாம் வருஷம் இன்னொரு பாடம். குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவது. ஒரு பிள்ளை இறந்தவரின் மகனாக நடிக்கும். இன்னொரு பிள்ளை பல்கலைக்கழகத்து ஆளாக, எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்ல வேண்டும். கனிக்கு முதல் தடவை மார்க் குறைந்துவிட்டது. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாளே தவிர, என்ன காரணம் என்று சொல்லவில்லையாம். வேண்டாம் என்று சொல்லக்கூட ஒரு படிப்பா என்று நான் கிண்டல் செய்தேன்.

5

அண்ணன் புதன்கிழமை வெங்காயக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

கலியமூர்த்தி மாமா உடனே அட்டையில் இருந்த நம்பருக்குப் பேசினார். எடுத்தவர், "சரி, கொண்டாங்க" என்றார். அவர் தம்பி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று மாமா சொன்னார். "வரட்டும். வந்தப்புறம் கொண்டாங்க" என்றார். என்றைக்கு இறந்தார், எங்கே வைத்திருக்கிறீர்கள், தம்பி எந்த நாடு, எப்போது வருவார், ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டார். கல்லூரியே வரட்டும் என்றதால், அங்கே வேறு முறை போல என்று கனியும் இருந்துவிட்டாள்.

எனக்காக வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. வெளிநாட்டில் ஒருத்தன் இருந்தால் வீட்டுக்கு ஐஸ் பெட்டி வந்துவிடும். அவன் வந்து முகம் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். பெட்டி வாடகைக்கு விடுகிறவர் போனில் முதலில் கேட்பதே எந்த நாடு என்றுதான். அதை வைத்துத்தான் எத்தனை நாள் என்று கணக்குப் போடுவார். சிங்கப்பூர், துபாய் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாமா நியூசிலாந்து என்றதும் கொஞ்சம் யோசித்தாராம். "அது எங்கங்க இருக்கு? சரி, பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும், சொல்லி அனுப்புங்க" என்றாராம்.

கனிக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். பெரியப்பா சாவுக்குப் போக அவளுக்கு விசா வேண்டும். விசா ஆபீசில், இறந்தவர் உனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். பெரியப்பா என்றாள். நேரடி உறவு இல்லையே என்றார்கள். அப்பாவின் அண்ணன் நேரடி உறவு இல்லையாம். இந்திய ஆபீசில், நம் ஆள்தான் கேட்டார். எப்படியோ வாங்கினோம். மூன்று விமானம் மாறித் திருச்சியில் இறங்கியது சனிக்கிழமை காலை.

இடையில் வெள்ளிக்கிழமை ஊரில் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கிடைக்க மதியம் தாண்டிவிட்டது. சித்திரை வெயில்.

நான் போய் முகம் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம். உடனே வேனில் ஏற்றினோம்.

6

கல்லூரியில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. ஆபீஸ் ஜன்னலைக் காட்டினார். மாமா போய்ச் சொன்னார். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல் எப்போது எக்ஸ்பயர் ஆனார் என்று கேட்டார். மாமா புதன்கிழமை என்றார்.

"புதனா? இன்னிக்கு சனி. எடுக்க மாட்டாங்க. கொண்டு போயிடுங்க."

"போன்ல கொண்டாங்கன்னு சொன்னீங்களே சார்."

"யார் சொன்னது? பேர் கேட்டீங்களா?"

மாமா கேட்கவில்லை. சாவு வீட்டிலிருந்து பேசுகிறவன் பெயரா கேட்பான். சுப்பிரமணி அண்ணனின் அட்டையை ஜன்னலுக்குள் நீட்டினார். இந்த அட்டை ஊரில் எல்லாரிடமும்தான் இருக்கிறது என்று சொல்லித் திருப்பித் தள்ளினார். வேன் வெயிலில் நின்றது. ஒருத்தரும் வந்து எட்டிப் பார்க்கவில்லை.

கனி உள்ளே போய் இங்கிலீஷில் பேசினாள். இங்கிலீஷ் என்றதும் ஒரு பேராசிரியர் அம்மா இறங்கி வந்தார். தமிழில் கேட்ட மாமாவுக்கு ஒருத்தரும் இறங்கி வரவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. காரணத்தைக் கனியிடம் சொன்னார். கனி எங்களுக்குச் சொன்னாள். கெடாமல் இருக்க ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும். உயிரோடு இருக்கும்போது ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் அந்த மருந்து போக வேண்டும். நேரம் கடந்தால் ரத்தம் கட்டிவிடும். மருந்து கைக்கும் காலுக்கும் போய்ச் சேராது. படிக்க ஆகாது. அவங்க சொல்றது சரிதான்பா என்றாள்.

சரிதான். யார் இல்லை என்றது?

கனி அந்த அம்மாவிடம் திரும்பி, இதை ஏன் முகாமில் சொல்லவில்லை என்று கேட்டாள். இதைத் தமிழில் கேட்டாள். நாங்கள் எல்லாரும் கேட்கட்டும் என்றுதான்.

"இதெல்லாம் சொன்னா யாரும்மா கையெழுத்துப் போடுவாங்க?" என்றார் அந்த அம்மா. "பெத்த புள்ள வர்ற வரைக்கும் வைக்காதீங்கன்னு சொல்லணும். வாய்க்கரிசி போடாதீங்கன்னு சொல்லணும். ஒருத்தர்கூட வர மாட்டாங்க. அப்புறம் எங்க பசங்க எதை வச்சுப் படிக்கிறது?"

"அப்ப பெரியப்பா எதுக்கு சரின்னு சொன்னாருன்னு அவருக்கே தெரியாதே மேடம்" என்றாள் கனி.

 நான் ரொம்பப் பேசுகிறவன் இல்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"அவரு மூஞ்சியையாவது வந்து பாத்துட்டுப் போங்க."

வந்தார். வேன் கதவு வரை வந்தார். போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

7

திரும்பி வரும் வழியில் முத்துசாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கடைசியில காலேஜ்காரனே வேணான்னுட்டான். அப்பவே சொன்னேன், ஒழுங்கா சுடுகாட்டுக்குக் கொண்டு போவோம்னு."

"வாய மூடிக்கிட்டு வாடா" என்றார் அக்கா.

ஊரில் ஒன்றும் தயாராக இல்லை. விறகு சொல்லவில்லை. சுடுகாட்டு ஆளுக்குச் சொல்லவில்லை. கல்லூரிக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று விட்டிருந்தோம். வேன் திரும்பி வந்ததைப் பார்த்து ஊர் கூடிவிட்டது. ஏன் திருப்பினார்கள் என்று கேட்கவில்லை. என்ன நோயாம் என்று கேட்டார்கள். கல்லூரிக்காரனே தொட மாட்டேன் என்றால் ஏதோ கெட்ட நோய்தானே. எதிர்த்த வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அண்ணன் ஒருநாளும் ஊசி போட்டுக்கொள்ளாதவர். ஊருக்கெல்லாம் வெங்காயம் அள்ளிக் கொடுத்தவர்.

ஒரு வாயிலிருந்து ஒரு வார்த்தை முன்கூட்டி வந்திருந்தால் இது நடந்திருக்காது. புதன்கிழமையே கொண்டு போயிருப்பார்கள். நான் முகம் பார்த்திருக்க மாட்டேன். பார்க்காவிட்டால் என்ன? அவர் கேட்டது அவருக்குக் கிடைத்திருக்கும்.

நெருப்பு வேண்டாம் என்று சொன்னவருக்கு நான்தான் கொள்ளி வைத்தேன்.

8

அண்ணனுக்குக் கருமாதி பிடிக்காது. பதினாறாம் நாள் சுப்பிரமணி படத்திறப்பு வைத்தார். வீட்டு முன்னால் பந்தல், நாற்காலி, மேசைமேல் அண்ணன் படம். சுரங்கத்து ஆட்கள் வந்தார்கள். முகாமில் கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். எல்லாருக்கும் அதே பயம். நம்மையும் இப்படித்தான் திருப்பி அனுப்புவானா என்று.

கனி பேசட்டும் என்றார் சுப்பிரமணி. இரண்டு நாள் அவரிடம் உட்கார்ந்து வார்த்தை கேட்டுக் கேட்டுத் தயார் செய்திருந்தாள். மனிதகுலம் எல்லாம் இல்லை. நேராகச் சொன்னாள். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். எத்தனை மணிக்குள் என்று அந்தந்தக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். தோலை எடுப்பார்கள், ஒவ்வொரு நரம்பாகப் பிரிப்பார்கள், மாசக்கணக்கில் வைத்திருப்பார்கள். விபத்து என்றால், சில நோய் என்றால் வாங்க மாட்டார்கள். வாங்காவிட்டால் அது அசிங்கம் இல்லை. சுடுகாட்டுக்கும் சொல்லி வையுங்கள். மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அவள் தமிழ் தட்டித் தட்டித்தான் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

ஒரு பெரியவர் எழுந்தார். "ஏம்மா, எம்மவன் துபாய்ல இருக்கான். அவன் வந்து பாக்க முடியாதா?"

"முடியாதுங்க. அவருக்காக வச்சிருந்தா பெரியப்பாவுக்கு ஆனதுதான் உங்களுக்கும்."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வைத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு வேண்டாம் என்கிறார்கள். அதுவும் ஒழுங்கான பதில்தான்.

பின்னாலிருந்து ஒருத்தர், "எனக்கு நெஞ்சு பூரா சிமெண்டு தூசி பாப்பா. கத்தி எறங்குமா?" என்றார்.

"அதத்தாங்க பாக்கணும். தூசி தின்ன நெஞ்சு எப்படி இருக்கும்னு புக்ல பாத்தா தெரியாது."

"அப்ப நான் படிக்காட்டியும் என் நெஞ்சு காலேஜ் போயிடும்" என்றார். அப்போதுதான் பந்தலில் சிரிப்பு வந்தது.

கனி மைக்கை மறுபடி தூக்கினாள். பிறகு, இவ்வளவும் கேட்ட பிறகும் கொடுக்கிறேன் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள்.

முதலில் எழுந்தது அக்கா. பெண்கள் பக்கமிருந்து. அக்கா முகாமுக்குப் போனவர் இல்லை. அட்டை இல்லாதவர்.

"எம் பேர எழுதிக்க" என்றார் கனியிடம். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு எவனும் வர வேணாம். நீயும் வராத. நீ வர்றதுக்குன்னு அண்ணனைப் பெட்டியில வச்சுக்கிட்டு நான் பாத்தது போதும்."

கலியமூர்த்தி மாமா தரையைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவர்களில் எனக்கு மிச்சம் இருப்பது அக்கா மட்டும்தான்.

"சரிக்கா" என்றேன்.

அக்கா உட்காரவில்லை. கையைத் தூக்கியபடியே நின்றார். பக்கத்தில் ஒரு கை எழுந்தது. சுப்பிரமணி கை. அப்புறம் நெஞ்சில் தூசி என்றவர் கை. அந்தப் பேராசிரியர் அம்மா, சொன்னால் ஒருத்தர்கூட வர மாட்டார்கள் என்றார். நான் எழுந்து நின்று, முன்னாலிருந்து பின்னால் வரை எண்ணினேன்.

ஒன்பது.